உப்பையும் நீரையும் காக்கும் உறுப்பு

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று இச்சபையில் யாது பேசுவது என்று யாம் எண்ணிய காலத்து, குலத்தின் பழமை பேசலாம் என்றும், கல்வியின் அவசியம் பேசலாம் என்றும் அன்பர் பலர் பலவாறு கூறினர். அவையெல்லாம் இம்மேடையில் பன்முறை பேசப்பட்டவை. எவரும் வாய்விட்டுச் சொல்ல நாணுகின்ற ஒரு விஷயத்தை, தாயும் தன் மகளிடம் கூறக் கூசுகின்ற ஒரு விஷயத்தை, இன்று எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். சிறுநீர் நம் உடம்பில் உண்டாகும் வகையும், தங்கும் வகையும், வெளியேறும் வகையுமே அது. யாம் வைத்தியர் அல்லோம். வைத்திய நூல் வல்லாரைக் கேட்டும், அவர் எழுதியவற்றைப் படித்தும் அறிந்தவற்றையே கூறுகின்றோம். குற்றம் உளதேல் பொறுத்தருள்க.

இவ்விஷயத்தைத் தூத்துக்குடியில் பேசுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. நம்மவருட் சிலர் உப்பளம் உடையவர். பலர் அவ்வளங்களிற் கூலிக்கு உப்பு வாருபவர். சிலர் தோணி செலுத்துபவர். சிலர் கடலில் மூழ்கிச் சங்கெடுப்பவர். ஆகவே, நம் பிழைப்பு உப்பினாலும் நீரினாலும் ஆயது. நம் உடம்பினுள்ளும் உப்பையும் நீரையும் அளந்து காத்தற்கென்றே ஓர் உறுப்பு உளது. வெளியேயுள்ள உப்பின் விலையை நாள்தோறும் விசாரிக்கின்ற நாம், உள்ளேயுள்ள அந்தக் காவலனை ஒருநாளும் விசாரித்தோமில்லை.

விலாவெலும்புகளின் கீழ்ப்பகுதிக்கு நேரே, முதுகுப்புறமாக, முதுகெலும்பின் இருபாலும் ஒவ்வொன்றாக இரண்டு சிறுநீரகங்கள் உள. நம் பக்கத்துப் பெரியோர் இவற்றைக் குண்டிக்காய் என்பர். அவரை விதையின் வடிவின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நீளமும் 150 கிராம் எடையும் உடையது. வலப்புறத்தது கல்லீரலின் கீழ் இருத்தலின் சற்றே தாழ்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்தும் உடம்பின் எடையில் ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கே. ஆயினும், இருதயம் செலுத்துகின்ற இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவ்விரண்டிற்கே செல்கின்றது. நிமிஷம் ஒன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் இவற்றின் வழியே பாய்கின்றது. இவ்வளவு சிறிய உறுப்புக்கு இவ்வளவு இரத்தம் ஏன்? அது தன் உணவுக்காக அன்று. அவ்விரத்தத்தைத் தூய்மை செய்வதற்காகவே என்க.

இதன் உள்ளமைப்பை நூல் வல்லார் சிறிது சிறிதாகவே கண்டறிந்தனர். இத்தாலி தேசத்து மல்பீகி என்பார் 1666-ல் பூதக்கண்ணாடி கொண்டு நோக்கி, சிறுநீரகத்தினுள் நுண்ணிய உருண்டைகள் இருத்தலை எழுதினார். இங்கிலாந்து தேசத்து போமன் என்பார் 1842-ல் அவ்வுருண்டை ஒவ்வொன்றையும் ஒரு கிண்ணம் போன்ற உறை சூழ்ந்திருத்தலையும், அவ்வுறையினின்று ஒரு மெல்லிய குழாய் புறப்படுதலையும் விளக்கினார். உருண்டை என்பது மயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சே. முடிச்சும் கிண்ணமும் குழாயும் சேர்ந்தது ஒரு வடிகட்டி. சிறுநீரகம் ஒன்றில் இத்தகைய வடிகட்டிகள் ஏறக்குறைய 10 லட்சம் உள.

இரத்தத்தின் அழுத்தத்தால் அம்முடிச்சினின்று நீரும், உப்பும், சர்க்கரையும், கழிவுப் பொருள்களும் கிண்ணத்தினுள் வடிகின்றன. செவ்வணுக்களும், புரதமும் பெரியவையாதலின் வடியாமல் இரத்தத்திலேயே நிற்கின்றன. இங்ஙனம் ஒரு நாளில் வடியும் நீரின் அளவைக் கேட்பின் வியப்புறுவீர்கள். அது 180 லிட்டர்! நாம் கழிக்கும் சிறுநீரோ நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டரே. எஞ்சியது எங்கே சென்றது? குழாயின் வழியே செல்லும்பொழுதே நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு மறுபடியும் இரத்தத்தில் ஏற்கப்பட்டுவிடுகின்றது. பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்யும் இல்லத்தரசி, பெட்டியில் உள்ளனவற்றையெல்லாம் வெளியே எடுத்துக் கொட்டி, வேண்டியவற்றைத் தேடித் தேடி உள்ளே வைத்து, வேண்டாதவற்றை மட்டும் எறிவது போலாம் இது. சர்க்கரை முழுவதும் திரும்ப எடுக்கப்படும். உப்பு வேண்டுமளவு எடுக்கப்படும். யூரியா முதலிய கழிவுகள் எறியப்படும். நீரிழிவு உடையார்க்கு இரத்தத்திற் சர்க்கரை மிகுதலின், குழாய்கள் முழுவதையும் திரும்ப எடுக்கமாட்டாது சிறுநீரில் விட்டுவிடுகின்றன.

இனி, உப்பளம் கண்டவர்க்கு எளிதில் விளங்கும் ஒரு செய்தி கூறுவோம். நிலத்தடி உவர்நீரை இறைத்துத் தேக்கி, பாத்திக்குப் பாத்தி மாற்றி, படிப்படியாக அதன் உவர்ப்பை மிகுவிக்கின்றோம் அல்லவா? சிறுநீரகத்தின் நடுப்பகுதியும் அங்ஙனமே மேலிருந்து கீழ் நோக்கி வரவர உவர்ப்பு மிக்கதாய் அமைந்துள்ளது. வடிகட்டியின் குழாய் கீழே இறங்கி, கொண்டை ஊசி போல் வளைந்து, மேலே ஏறுகின்றது. இவ்வளைவை 1862-ல் விளக்கிய ஹென்லே என்னும் ஜெர்மானியர் பெயராலேயே அஃது இன்றும் வழங்குகின்றது. ஏறும் பாகம், உப்பைப் புறத்தே தள்ளும், நீரை விடாது. அதனாற் சுற்றுப்புறம் உவர்ப்பேறுகின்றது. கடைசிக் குழாய் அவ்வுவர் நிலத்தின் ஊடே செல்லும்பொழுது, உப்பு நீரை இழுக்குமன்றோ? அங்ஙனம் இழுக்க விடுவதா, வேண்டாவா என்பதை மூளை தீர்மானிக்கின்றது. உடம்பில் நீர் குறைந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பி ஒரு சுரப்பை இரத்தத்தில் விடும். அது சென்று கடைசிக் குழாயின் மதகுகளைத் திறக்க, நீர் உடம்புக்குத் திரும்பும். சிறுநீர் அளவிற் குறைந்து நிறம் கறுத்து வரும். நீர் மிகுதியாயின், அச்சுரப்பு நின்று மதகுகள் அடைபடும். சிறுநீர் மிகுந்து தெளிந்து வரும். ஆகவே, சிறுநீரின் நிறமே நம் உடம்பின் நீர்க்கணக்கு. வைக்கோல் நிறம் நன்று; கடுந்தேநீரின் நிறம் எச்சரிக்கை.

இக்காவலனுக்கும் ஓர் எல்லை உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உளது. மனிதனுடைய சிறுநீரகம் அவ்வளவு உவர்ப்பான சிறுநீரை ஆக்க வல்லதன்று. ஒரு லிட்டர் கடல்நீரைக் குடித்தவன், அதிலுள்ள உப்பைக் கழிப்பதற்கு ஒரு லிட்டருக்கு மேற்பட்ட நீரைத் தன் உடம்பினின்றே செலவிட வேண்டும். குடிக்கக் குடிக்க வறட்சியே மிகும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய நம் முன்னோர் அரிசி மூட்டைக்கு முன்னே நன்னீர்ப் பீப்பாயை ஏற்றியதன் உண்மை இதுவே. அவர்கள் நூல் படித்திலர். ஆயினும் சிறுநீரகத்தின் எல்லையை அறிந்திருந்தனர்.

முத்துக் குளித்தலில் வேறொரு விந்தை உளது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவு விளையாமையின் முத்துக்குளிப்பு நின்றது. சங்கு குளித்தல் இன்றும் நடைபெறுகின்றது. கல்லைக் காலிற் கோத்துப் பன்முறை மூழ்கிய அக்காலத்துக் குளிகாரரும், இக்காலத்துச் சங்கு குளிப்போரும், ஒரு வாய் நீரும் பருகாதிருந்தே அடிக்கடி சிறுநீர் கழிக்க நேர்வதை அறிவர். காரணம் யாதெனில், கழுத்தளவு நீரில் நிற்பவனுடைய கால்களையும் வயிற்றையும் நீர் அழுத்துகின்றது. அங்குள்ள இரத்தம் மார்பை நோக்கித் தள்ளப்பட்டு இருதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் இரத்தம் மிகுந்துவிட்டது என்று மூளையும் இருதயமும் மயங்கி, நீரைக் கழிக்குமாறு சிறுநீரகத்திற்கு ஆணையிடுகின்றன. நீரின் நடுவே நிற்பவன் நீரை இழக்கின்றான்! குளித்து ஏறியவர் கரை சேர்ந்தவுடன் நன்னீர் பருகுதல் வேண்டும் என்பதற்கு இதுவே நியாயம்.

சிறுநீரகத்தின் தொழில் இவ்வளவே என்று எண்ணற்க. இரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கும் சுரப்பு ஒன்று அங்கே பிறக்கின்றது. எலும்பின் உட்சோற்றைத் தூண்டிச் செவ்வணுக்களைப் பிறப்பிக்கும் சுரப்பும் அங்கேயே பிறக்கின்றது. எலும்புக்கு உரம் தரும் வைட்டமின் டி, தொழிற்படும் நிலையை அடைவதும் அங்கேயே. ஆதலின், சிறுநீரகம் கெட்டவர்க்கு இரத்த அழுத்தம் ஏறுவதும், இரத்தம் குறைந்து முகம் வெளிறுவதும், எலும்பு மெலிவதும் ஒருங்கே வருகின்றன.

ஆக்கப்பட்ட சிறுநீர், பக்கத்துக்கு ஒன்றாக உள்ள இரு குழாய்களின் வழியே நீர்ப்பைக்கு இறங்குகின்றது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அது வெறுங் குழாயன்று. அலை அலையாகச் சுருங்கி நீரைத் தள்ளுவது. அக்குழாய் நீர்ப்பையின் சுவரைச் சாய்வாக ஊடுருவுதலின், பை நிரம்பும்போது அதன் வாய் தானே அழுந்தி மூடிக்கொள்ளும். நீர் மேலே திரும்பாது. நீர்ப்பை தசையாலான பை. 400 அல்லது 500 மில்லி லிட்டர் கொள்ளும். அதிற் பாதியளவு சேர்ந்தபோதே சுவரிலுள்ள நரம்புகள் முதுகுத்தண்டுக்குச் செய்தி விடுக்கின்றன. பையின் வாயில் இரண்டு பூட்டுகள் உள. உட்பூட்டு நம் வசமன்று. வெளிப்பூட்டு நம் வசம். குழந்தைக்கு வெளிப்பூட்டும் வசமாகாமையின் பை நிரம்பியபோதெல்லாம் கழிக்கின்றது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை அதனைத் தன் ஆணைக்குள் கொண்டுவருகின்றது. படுக்கையில் நனைக்கும் பிள்ளையை அடிப்பது அறிவீனம் என்பதை இதனால் அறிக. அஃது அப்பிள்ளையின் குறும்பன்று, பூட்டு இன்னும் முதிராமையே.

இவ்வெளிப்பூட்டு நம் வசம் இருப்பதே மனிதனுக்குப் பெருமை. அதுவே நம் பெண்மக்களுக்குத் துன்பமாகவும் முடிந்துள்ளது. எங்ஙனம் என்று கூறுவோம்.

சில மாதங்களுக்கு முன், ஓர் உப்பளத்தின் வரப்பில், உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவரோடு பேச நேர்ந்தது. சித்திரை மாதம், வெண்மையான பாத்திகளின் மேல் வெயில் எதிரொளித்துக் கண் கூசிற்று. “தண்ணீர் குடித்தீர்களா, அம்மா?” என்று வினவினோம். “தண்ணி குடிச்சா ஒதுங்கணும்லா, அண்ணாச்சி? ஒதுங்க இங்க மறைவு எங்க இருக்கு? அதான் பொழுது ஏறுற வரைக்கும் நாக்க நனைக்கிறதோட சரி” என்றார். அவர் சிரித்துக்கொண்டே கூறினார். எமக்குச் சிரிப்பு வந்திலது. அளத்தைச் சுற்றி நோக்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லை, சுவரில்லை. அவ்வளத்தை உடையவர் நம் சங்கத்து அங்கத்தினர், பெயர் சொல்லோம். அவரை மட்டும் குறை கூறுதலும் நியாயமன்று; நம்மவர் அளங்கள் பலவும் அங்ஙனமே இருத்தலை யாம் கண்டுள்ளோம்.

அவ்வம்மையாரின் உடம்பினுள் நிகழ்வதை நினைமின்கள். வெயிலில் வேலை செய்வார்க்கு மணிக்கு ஒரு லிட்டரும் வியர்வையாகச் செல்லக்கூடும். நீர் குறையவே சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தம் சுருங்குகின்றது, வடிகட்டிகள் வாடுகின்றன. சிறுநீர் கெட்டியாகி, அதிற் கரைந்துள்ள சுண்ணமும் பிறவும் உறைந்து கல்லாகின்றன. நம் வைத்தியர் கல்லடைப்பு என்பது இதுவே. பாத்தியில் நீர் வற்ற உப்புப் பூப்பது போன்றதே இது என்று அளத்தார்க்கு வேறு உதாரணமும் வேண்டுமோ? மேலும், பெண்களுக்குச் சிறுநீர்த்தாரை 4 சென்டிமீட்டரே. ஆடவர்க்கோ 20 சென்டிமீட்டர் அளவு. ஆதலின் நோய்க்கிருமிகள் பெண்களின் நீர்ப்பையை எளிதில் அடைகின்றன. அடிக்கடி கழிக்கும் சிறுநீர் அக்கிருமிகளை அடித்துச் சென்றுவிடும். அடக்கி வைக்கும் சிறுநீரில் அவை பெருகும். நீர்க்கடுப்பும் காய்ச்சலும் அதன் விளைவே. கர்ப்பிணிகட்கு இஃது இருமடங்கு அபாயம்.

இது வீண் அச்சமன்று. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சி நிலையத்தார் தமிழ்நாட்டில் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரைச் சோதித்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டனர். அவருள் பத்தில் ஒன்பதின்மர், தக்க அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்தனர். நூற்றுக்கு எழுவர்க்குச் சிறுநீரகத்தின் ஆற்றல் குன்றியிருந்தது. கடல் கடந்த தேசங்களிலும் இத்துன்பம் உளது. மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிக்கராகுவா முதலிய நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர் பலர், நீரிழிவு முதலிய வழக்கமான காரணம் யாதும் இன்றியே, சிறுநீரகம் கெட்டு மாண்டனர். வெப்பமும் நீரின்மையும் அதற்குப் பெருங் காரணங்கள் என்று ஆராய்ச்சியாளர் கருதி, தோட்டங்களில் நிழலும், இடையிடையே ஓய்வும், தண்ணீரும் தரும் ஏற்பாட்டைச் செய்வித்தனர். நம் அண்டை நாடாகிய ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் ஜில்லா உத்தானம் பகுதியிலும் இத்தகைய நோய் பரவியுளது. அதன் காரணங்கள் இன்னும் ஆராயப்பட்டு வருகின்றன.

இந்நோயின் கொடுமை யாதெனில், அது பேசாது வரும். வடிகட்டிகளிற் பாதி அழிந்தாலும், எஞ்சியவை அதன் வேலையையும் தாமே சுமந்து கொள்ளும், வலி தோன்றாது. கால் வீங்கி, மூச்சு முட்டி, உணவு வெறுத்தபின் வைத்தியரிடம் செல்பவர்க்குப் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகின்றது. நீரிழிவும் இரத்த அழுத்தமுமே சிறுநீரகத்தின் முதற் பகைவர். இவற்றுள் ஒன்று உடையவர், ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்தத்திற் கிரியேட்டினின் என்னும் பொருளின் அளவையும், சிறுநீரில் புரதம் கலந்துள்ளதா என்பதையும் சோதித்தல் வேண்டும். உடல் நோவுக்கென்று கடையிற் கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தை அரிக்கும். நீர் குறைந்த உடம்பில் அவை பின்னும் கொடியன. அளத்து வேலை முடிந்து மாத்திரையோடு உறங்கச் செல்லும் சகோதரர்கள் இதனைக் கேட்கக் கடவர். உப்பு விளைவிக்கும் நாம் உண்ணும் உப்பையும் அளந்து உண்ண வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்ட உப்பே போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தார் கொள்கை. கருவாடும், ஊறுகாயும், அப்பளமும் ஒரே இலையில் கூடுங்கால் அவ்வளவு கடந்துவிடும்.

சிறுநீரகம் முற்றும் கெட்டால் வழியே இல்லையோ எனின், உண்டு. ஹாலந்து தேசத்தில் கோல்ஃப் என்னும் வைத்தியர், யுத்தத்தின் நடுவே, 1943-ல் இரத்தத்தைப் புறத்தே வடிகட்டும் இயந்திரத்தைச் செய்தார். அதுவே இன்று டயாலிசிஸ் என வழங்குகின்றது. 1954-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், இரட்டைச் சகோதரருள் ஒருவர் தம் சிறுநீரகம் ஒன்றை மற்றவர்க்கு ஈந்தார், அது பலித்தது. நம் நாட்டில் 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை வெற்றியாய் நடந்தது. இவையெல்லாம் மனித அறிவின் மேன்மையே. எனினும், வாரத்திற்கு இருமுறை மும்முறை நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்து கிடப்பதனையும், கூலி இழப்பதனையும், குடும்பம் கடன்படுவதனையும் எண்ணுங்கால், காலையில் ஒரு குடம் தண்ணீரும் நான்கு சுவரும் எத்துணை மலிவானவை!

ஆதலின் நம் சங்கத்தார்க்கு விண்ணப்பம் இது. அளம் உடைய அங்கத்தினர் ஒவ்வொருவரும், வரும் உப்புக்காலம் தொடங்குமுன், தம் அளத்தில் நிழற்கொட்டகை ஒன்றும், மூடிய பாத்திரத்தில் நன்னீரும், பெண்டிர்க்கெனத் தனியே பூட்டுடைய கழிப்பிடமும் அமைத்தல் வேண்டும். இது தருமம் மட்டுமன்று. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளர்க்குக் குடிநீரும் கழிப்பிடமும் தருதல் கடமை என விதித்தது. உப்பளமும் அச்சட்டத்துட்பட்ட தொழிற்சாலையே என உச்ச நீதிமன்றம் 1961-ல் தீர்ப்பளித்தது. ஆகவே புதிய பாரத்தை யாம் எவர் தலையிலும் ஏற்றினோமில்லை. பழைய கடனையே நினைவூட்டினோம்.

தொழிலாளச் சகோதர சகோதரிகளே! தாகம் தோன்றும் வரை காத்திராமல், சிறிது சிறிதாக அடிக்கடி பருகுங்கள். நீராகாரமும் நீர்மோரும் நம் வெயிலுக்கென்றே முன்னோர் கண்டவை. இருதய நோயோ சிறுநீரக நோயோ முன்னமே உடையவர் மட்டும் பருகும் அளவை வைத்தியரிடம் கேட்டறிக. தாய்மார்களே! பள்ளி செல்லும் பெண்குழந்தை மாலை வரை சிறுநீரை அடக்கி வருகின்றாளா என்று இன்றிரவே கேளுங்கள். அடக்குகின்றாளாயின், பள்ளியில் யாது குறை என்று விசாரியுங்கள். அவ்விசாரணைக்கு நாணம் வேண்டா; நாணத்தால் மறைத்த நோயே பெருநோயாகும்.

உப்பு இல்லாப் பண்டம் குப்பையிலே என்பர். அவ்வுப்பை வாரும் கைகள் வாடாதிருத்தல் வேண்டுமாயின், அக்கையுடையார்க்கு ஒரு குவளை தண்ணீரும், அதனை அச்சமின்றிக் குடித்தற்கு ஒரு மறைவிடமும் தருதல் நம் முதற் கடமை. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், எத்தனை அளங்களில் அவை அமைந்தன என்று யாம் எழுந்து கேட்போம். அன்று விடை கூற வல்லவராய் அனைவரும் வருவீர்களாக.